புதன்கிழமை முதல் மணி

சேசு மரி சூசை

ராயபுரம், மதராஸ்-13
10-7-66

அன்புள்ள மாப்பிள்ளை இன்னாசிக்கு,

ஸ்டானிஸ்லாஸ் எழுதிக்கொள்வது. இங்கே நான், அடைக்கலமேரி, அரிசி க்யூவில் நின்று அவள் வாங்கி வந்த கால்வலி, மூவரும் சௌக்கியம். அங்கே நீங்களும் என் தங்கச்சி வியாகுலமும் எப்படி இருக்கிறீர்கள்? வைசாக் தண்ணீர் அவளுக்கு இப்போதாவது ஒத்துக்கொள்கிறதா?

விஷயம் இதுதான். நாற்பத்து நாலு வயதில் நான் காலேஜில் சேர்ந்துவிட்டேன். சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள், நான் காத்திருக்கிறேன்.

நம் ஹெட் கிளார்க் வால்டர் வருகிற ஜூன் முப்பதாம் தேதி ரிடையர் ஆகிறார். அந்த நாற்காலியில் உட்காருகிறவன் பள்ளிக்கூடத்தைத் தாண்டியும் ஏதாவது படித்திருக்க வேண்டும் என்று கம்பெனியில் புது உத்தரவு. சர்வீஸில் அடுத்தவன் நான், கையில் இருப்பது எஸ்.எஸ்.எல்.சி. எனக்கு அடுத்தவர் நீங்கள், உங்களிடம் இண்டர்மீடியட் இருக்கிறது. மார்ச்சில் நான் பி.யூ.சி. பாஸ் செய்தால் நாற்காலி எனக்கு, இல்லாவிட்டால் சட்டப்படி உங்களுக்கு. ‘வைசாக்கை விட்டு நான் வருவதாக இல்லை மச்சான், அது உங்கள் இடம்’ என்று போன ஈஸ்டருக்கு ராயப்பர் கோயில் வாசலில் நின்று சொன்னீர்கள். அந்த வார்த்தையை நம்பித்தான் மண்ணடி பக்கம் ஒரு ஈவினிங் காலேஜில் பணம் கட்டினேன்.

மானேஜர் சண்முகவேல் தங்கமான மனுஷர். எல்லோரும் ஆறு மணிக்குக் கிளம்பும்போது நான் மட்டும் வாரத்தில் ஐந்து நாளும் ஐந்து மணிக்கே போகலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். வகுப்பு ஐந்தே முக்காலுக்கு. நூற்றுக்கு எழுபத்தைந்து நாள் வராவிட்டால் பரீட்சைக்கே விடமாட்டார்களாம்.

முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் மொத்த வகுப்பும் எழுந்து நின்றது. வாத்தியார் என்று நினைத்துவிட்டார்கள். உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் இருபத்திரண்டு வருஷ கிளார்க் வேலையில் எனக்காக ஒரு நாய்கூட எழுந்து நின்றதில்லை. அதனால் ‘உட்காருங்க, உட்காருங்க’ என்று கையசைத்துவிட்டுக் கடைசி பெஞ்சுக்குப் போனேன். பிறகு நிஜ லெக்சரர் வந்தார். தேவப்பிரியம் என்று பெயர், இருபத்தைந்து வயது இருக்கும், தர்க்க சாஸ்திரம். நடுவில் எனக்கு ஒன்றுக்கு வந்தது. எழுந்து கைகட்டி நின்று பர்மிஷன் கேட்டேன். ‘கேக்க வேணாம் சார், போய்ட்டு வாங்க’ என்றார். கேட்காமல் போவதா! வராண்டாவில் நடக்கும்போது முதுகு கூசியது. சங்கு ஊதினால் உள்ளே, சங்கு ஊதினால் வெளியே என்று துறைமுகத்தில் வளர்ந்த முதுகு அல்லவா?

மற்றவர்களைப் போல நானும் இதை நம் ஆபீஸிலிருந்து உங்கள் வைசாக் கிளைக்குப் போகும் கப்பல் காகிதப் பையில் செருகி அனுப்புகிறேன். தபால்தலை மிச்சம். பதிலும் பையிலேயே வரட்டும். தங்கச்சியை மீன் எண்ணெய் குடிக்கச் சொல்லுங்கள்.

என்றும் அன்புடன்,
காலேஜ் குமரன்,
ஸ்டானிஸ்லாஸ்


சேசு மரி சூசை

விசாகப்பட்டினம்
22-7-66

அன்புள்ள மச்சானுக்கு இன்னாசி எழுதியது.

தங்கள் கடிதம் கிடைத்தது. எங்கள் சுகத்தில் குறைவில்லை. தங்கள் சுகமும் அண்ணியின் சுகமும் அவ்வாறே இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறோம்.

தாங்கள் படிக்கச் சேர்ந்தது மிகவும் சந்தோஷம். நாற்காலி விஷயத்தில் என் வார்த்தையில் மாற்றம் இல்லை. வியாகுலம் மட்டும் இந்த ஊரில் வேர் பிடிக்க மாட்டேன் என்கிறாள். தெலுங்கு வாயில் வரவில்லை, பேச ஆளில்லை. சாயங்காலமானால் ‘ராயபுரத்துல இந்நேரம் இன்னா பண்ணிக்கினு இருப்பாங்களோ’ என்று ஜன்னலில் நிற்கிறாள். அது போகட்டும்.

தங்கள் வகுப்பு அட்டவணையை எழுதி அனுப்பவும். என்றைக்கு எத்தனை மணிக்கு எந்தப் பாடம் என்று தெரிந்தால், அந்த நேரத்தில் தங்களுக்காக ஒரு அருள்நிறை மந்திரம் ஜெபிக்கும்படி வியாகுலத்திடம் சொல்வேன்.

தங்கள் கடிதத்தை வியாகுலத்துக்குப் படித்துக் காட்டினேன். ரொம்ப நாள் கழித்துச் சிரித்தாள். விவரமாக எழுதவும்.

இப்படிக்கு,
சூ. இன்னாசி


ராயபுரம்
14-8-66

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நாளை மாதா பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட திருநாள், கூடவே சுதந்திர தினம். எனக்கும் இந்த மாதம் ஒரு சுதந்திரம் கிடைத்திருக்கிறது. தங்கச்சி சிரித்தாள் என்று எழுதியிருந்தீர்களே, அதற்காகவே விரிவாகச் சொல்கிறேன். நாங்கள் நலம். மேரிக்குக் கால்வலி போய்விட்டது, இப்போது வாய் மட்டும்தான்.

நீங்கள் கேட்ட அட்டவணையைக் காப்பி எடுக்க உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன். புதன்கிழமை முதல் மணிக்கு நேராகக் கட்டம் காலி! கப்பல் சரக்கு மானிபெஸ்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் நமக்குச் சோறு இறங்குமா? டைப் அடித்தவன் விட்டுவிட்டான் என்று முடிவு கட்டி, சிவப்பு மையால் வட்டம் போட்டுக்கொண்டு காலேஜ் ஆபீஸுக்குப் போனேன். வாசலில் பியூன் தாவூது பீடி பிடித்துக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும்.

“இன்னா சார்?”

“அட்டவணையில் ஒரு கட்டம் விட்டுப்போயிருக்கு. யாரிடம் சொல்லித் திருத்துவது?”

காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வுட்டுப் போவல சார். அது ஃப்ரீ.”

“யாருக்கு ஃப்ரீ?”

“உனுக்குத்தான்.”

“அந்த நேரத்தில் நான் என்ன செய்ய வேண்டும்?”

பீடியைக் கீழே போட்டுவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். “நைனா, அத்தெ நான் சொல்லிட்டா அப்பறம் அது இன்னா ஃப்ரீ?”

முதல் புதன்கிழமை நான் காலி வகுப்பில் தனியாக உட்கார்ந்து நாற்பது பெஞ்சுகளுக்குக் காவல் இருந்தேன். யாராவது வந்து கேட்டால் பதில் வேண்டுமே என்று புத்தகத்தையும் திறந்து வைத்திருந்தேன். யாரும் வரவில்லை. இரண்டாவது புதன் வராண்டா வரை போனேன். மூன்றாவது புதன் கேட்டைத் தாண்டிவிட்டேன் மாப்பிள்ளை. கேட்டுக்கு வெளியே நின்று திரும்பிப் பார்க்கிறேன், ஒரு பயல் கூப்பிடவில்லை. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! கல்யாணத்தன்றுகூட எனக்கு இப்படிப் படபடக்கவில்லை. இதை மேரிக்குச் சொல்ல வேண்டாம் என்று தங்கச்சியிடம் சொல்லுங்கள்.

ஆபீஸிலிருந்து ஐந்துக்கே வந்துவிடுகிறேன். வகுப்பு ஆறே முக்காலுக்கு. ஒன்றே முக்கால் மணி நேரம், சொளையாக, முழுசாக, எனக்கே எனக்கு.

அட்டவணையை இத்துடன் வைத்திருக்கிறேன். புதன்கிழமைக்கு அருள்நிறை மந்திரம் ஏழு மணிக்கு மேல் சொன்னால் போதும்.

அன்புடன்,
ஸ்டானிஸ்லாஸ்


விசாகப்பட்டினம்
2-9-66

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். நலம் அறிய ஆவல்.

அட்டவணை கிடைத்தது. புதன்கிழமையும் தாங்கள் ஆபீஸை விட்டு ஐந்து மணிக்கே கிளம்புகிறீர்களா, அல்லது அன்று மட்டும் ஆறு மணியா என்பது தெளிவாக இல்லை. மானேஜருக்கு அட்டவணையின் நகல் கொடுத்திருக்கிறீர்களா? வெளியே போகும் நேரத்துக்குக் கையெழுத்துப் புத்தகம் ஏதும் உண்டா? தங்கள் நன்மைக்காகத்தான் கேட்கிறேன்.

அந்த ஒன்றே முக்கால் மணி நேரத்தில் என்ன செய்கிறீர்கள் என்று எழுதவும். வியாகுலம் கேட்கிறாள்.

இப்படிக்கு,
சூ. இன்னாசி


ராயபுரம்
24-10-66

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னிக்க வேண்டும். செப்டம்பரில் பரீட்சை வைத்தார்கள். தர்க்கத்தில் அறுபத்திரண்டு! ‘மனிதர் எல்லோரும் சாகக்கூடியவர், சாக்ரடீஸ் மனிதர்’ என்று ஆரம்பித்தால் நடுராத்திரியில் எழுப்பினாலும் சாக்ரடீஸைச் சாகடித்துவிடுவேன். இங்கிலீஷில் ஐம்பத்தொன்று. இப்படியே போனால் நாற்காலி நிச்சயம் என்று வால்டரே சொல்கிறார்.

இங்கே எல்லோரும் நலம். பூஜை விடுமுறையில் கப்பல் பை போகவில்லை. தங்கச்சி காத்திருப்பாளே என்று ராயபுரம் போஸ்டாபீசில் நீல இன்லண்ட் வாங்கி உங்கள் வீட்டு விலாசத்துக்கே எழுதுகிறேன். கம்பெனியில் சேர்ந்தபிறகு நான் தபாலுக்குச் செலவு செய்வது இதுதான் முதல் தடவை, இந்தக் காகிதத்தைப் பத்திரப்படுத்தி வையுங்கள்.

நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு வருகிறேன். புதன்கிழமையும் ஐந்துக்கே கிளம்புகிறேன். சண்முகவேல் அட்டவணையெல்லாம் கேட்கவில்லை. அவர் கையெழுத்துப் போடும்போது பேனாவுக்கு முன்னால் மூக்கு போகும், கட்டமா கண்ணுக்குத் தெரியப்போகிறது?

என்ன செய்கிறேன் என்றால், கடற்கரைக்குப் போகிறேன். சிரிக்காதீர்கள். இருபத்திரண்டு வருஷம் துறைமுகத்தில் வேலை செய்தவன் கடலைப் பார்த்ததில்லை என்றால் யார் நம்புவார்கள்? எனக்குக் கடல் என்றால் சரக்கு வரும் வழி. காசிமேட்டுப் பக்கம் கல்மேல் உட்கார்ந்து பார்க்கிறேன். அது நம் கம்பெனிக்காக வேலை செய்யவில்லை மாப்பிள்ளை! சும்மா வருகிறது, சும்மா போகிறது. கட்டுமரங்கள் கரையேறும் நேரம். கன்னியம்மா என்று ஒரு பெண்பிள்ளை அங்கேயே அடுப்பு மூட்டிக் காரப்பொடி மீன் வறுத்துத் தருகிறாள். நான் புத்தகமும் கையுமாகப் போனதும் அவள் போடுகிற சத்தம் எண்ணூர் வரைக்கும் கேட்கும்.

“வந்துட்டாருய்யா காலேஜ் பையன்! இன்னா நைனா, வாத்தியார் தொரத்திட்டாரா?”

“இன்றைக்கு முதல் மணி கிடையாது.”

“எங்க வூட்டு ஆளுக்கு எந்த மணியும் கெடியாது. அது இன்னா படிப்பு படிச்சுதோ!”

ஆக, நான் இரண்டு டிகிரி வாங்கப் போகிறேன். காலேஜில் ஒன்று, கடற்கரையில் ஒன்று. கடற்கரை டிகிரிக்குச் சம்பளம் கம்பெனி கொடுக்கிறது. சண்முகவேல் போட்ட பர்மிஷன் எனக்கு மட்டுமல்ல, காரப்பொடிக்கும் சேர்த்துத்தான்.

எழுதும்போது தோளுக்குமேல் எட்டிப் பார்த்த மேரி, “வாய்க்குத்தான் கதவு இல்லன்னா பேனாவுக்குமா இல்ல? எல்லாத்தியும் எழுதி வெச்சிடணுமா?” என்கிறாள். மாப்பிள்ளையிடம் எழுதாமல் போப்பாண்டவருக்கா எழுதுவேன்? கீழே அவளும் ஒரு வரி எழுதுகிறாள்.

அன்புடன்,
ஸ்டானிஸ்லாஸ்

வியாகுலம், ஒனக்கு நெத்திலி கருவாடு காயவெச்சிருக்கேன். ஆள் வந்தா குடுத்து அனுப்பறேன். ஒடம்ப பாத்துக்கோ. – அண்ணி.


ராயபுரம்
27-11-66

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சௌக்கியமா? பூஜைக்கு எழுதினதற்குப் பதில் இல்லை. தங்கச்சிக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே? எங்களுக்குக் காய்ச்சல், ஜலதோஷம் எதுவும் இல்லை. உடம்பு நலம் என்றுதான் சொல்ல வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை சண்முகவேல் கூப்பிட்டு அனுப்பினார். போனேன். உட்காரச் சொல்லவில்லை. வால்டரும் அங்கே இருந்தார்.

“ஸ்டானிஸ்லாஸ், நீங்க எத்தனை டிகிரி வாங்கறீங்க?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பி.யூ.சி. டிகிரி ஆகாது சார் என்றேன்.

“கடற்கரை டிகிரின்னு ஒண்ணு இருக்காமே? அதுக்குக் கம்பெனிதான் சம்பளமாமே? நான் போட்ட கையெழுத்து மீனுக்கும் சேர்த்தாமே?”

என் வார்த்தைகள் மாப்பிள்ளை. ஒன்றுகூட மாறவில்லை. எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்த வார்த்தைகள், அந்த அறையில் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் அவர் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, “இது பேனாவுக்கு முன்னால போகுமா?” என்றார். கோபமாகக் கேட்கவில்லை. அவருக்கு வலித்திருக்கிறது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நல்ல மனுஷர், என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டவர்.

புதன்கிழமை மட்டும் ஆறு மணி வரை இருக்கிறேன் சார் என்று கெஞ்சினேன். பர்மிஷன் மொத்தமாக ரத்து. இனி தினமும் ஆறு. ஓடிப்போனாலும் வகுப்புக்கு ஆறரை ஆகிறது, முதல் மணி முடியப் போகிற நேரம். அது நான்கு நாளும் இங்கிலீஷ். இப்படியே போனால் பிப்ரவரிக்குள் வருகை எழுபத்தைந்துக்குக் கீழே இறங்கிவிடும், பரீட்சைக்கு விடமாட்டார்கள். வேடிக்கை பாருங்கள், மாட்டிக்கொண்டது புதன்கிழமைக்காக. வாரத்தில் எனக்கு நஷ்டமில்லாத ஒரே நாளும் அதுதான்.

வேறு எதையும் என்னால் யோசிக்க முடியவில்லை. கப்பல் பையை யாரோ பிரித்துப் படிக்கிறார்கள். அங்கே உங்கள் பக்கம் பையைத் திறப்பது யார்? பியூன் மஜீதா? கொஞ்சம் விசாரியுங்கள். இதையும் தபாலில்தான் அனுப்புகிறேன்.

ஸ்டானிஸ்லாஸ்


விசாகப்பட்டினம்
18-12-66

அன்புள்ள மச்சானுக்கும் அண்ணிக்கும்,

பாலன் இயேசு பிறப்பின் வாழ்த்துக்கள். நாங்கள் நலம்.

தங்கள் கடிதம் கண்டு வருந்தினேன். தாங்கள் நினைத்தது சரியே. பையைப் பிரித்திருக்கிறார்கள். மஜீது அப்படிப்பட்டவன் அல்ல என்று சொல்வதற்கும் இல்லை. இந்த விஷயத்தை ஆபீஸில் யாரிடமும் பேசிக் கிளற வேண்டாம். மானேஜரின் மனம் இன்னும் கசந்துபோகும்.

இந்த வயதில் உடம்பை வருத்திக்கொண்டு ஓட வேண்டுமா என்றும் யோசிக்கவும். இந்த வருஷம் விட்டுவிட்டு அடுத்த வருஷம் எழுதலாம். படிப்பு எங்கும் ஓடிவிடாது.

வியாகுலம் சுகமாக இருக்கிறாள். ராயபுரத்தில் கிறிஸ்துமஸ் நடுராத்திரிப் பூசைக்கு என்ன பாட்டு என்று கேட்கிறாள்.

இப்படிக்கு,
சூ. இன்னாசி


ராயபுரம்
19-3-67, குருத்து ஞாயிறு

மாப்பிள்ளை இன்னாசிக்கு,

நலம். நலமே விழைகிறேன். மாற்றி எழுதக் கை வரவில்லை.

வருகை அறுபத்தெட்டு என்று போர்டில் போட்டுவிட்டார்கள். தேவப்பிரியம் பிரின்ஸிபாலிடம் போய் எனக்காகப் பேசினார். இருபத்தைந்து வயதுப் பிள்ளை, நாற்பத்து நாலு வயது மாணவனுக்காகக் கைகட்டி நின்றார். நடக்கவில்லை. நாளை மறுநாள் பரீட்சை ஆரம்பம். நான் இல்லை.

அதைச் சொல்ல இந்தக் கடிதம் இல்லை.

நேற்று வால்டர், ஜூனுக்கு இப்போதிருந்தே, தன் மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டு, “ஸ்டான், நான் உனுக்கு இதைக் காட்டல, நீயும் பாக்கல, ஓகே மேன்?” என்று ஒரு ஃபைலைத் திறந்து வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போய் நின்றுகொண்டார். உள்ளே நீல இன்லண்ட். ராயபுரம் போஸ்டாபீஸ் முத்திரை. என் எழுத்து. கடற்கரை டிகிரிக்கு அடியில் பென்சில் கோடு, மூக்குக்கு அடியில் இரண்டு கோடு. கடைசியில் நெத்திலிக் கருவாடு பற்றி மேரி எழுதிய வரி.

அந்தக் காகிதம் பையில் வரவில்லை. தபால்காரர் கொண்டுவந்து உங்கள் வீட்டுக் கதவில் கொடுத்தது. அதன்மேல் குண்டூசியில் குத்திய துண்டுக் காகிதத்தில் ‘தக்க நடவடிக்கைக்கு’ என்று இங்கிலீஷில் இரண்டு வரி. உங்கள் கையெழுத்தை எனக்குத் தெரியாதா? ஐந்து வருஷம் என் எதிர் மேஜையில் உட்கார்ந்து போட்டுப் பழகிய கையெழுத்து.

நான் பாவம் மஜீதைச் சந்தேகப்பட்டேன். நீங்கள் அதைத் தடுக்காமல் விட்டீர்கள்.

நாற்காலி வேண்டும் என்றால் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன். சத்தியமாகத் தெரியவில்லை. ஆனால் என் சிரிப்பை எடுத்து அனுப்பினீர்களே, அதை எதற்காகக் கேட்டு வாங்கினீர்கள்? ‘விவரமாக எழுதவும், வியாகுலம் கேட்கிறாள்’ என்றீர்கள். அவள் கேட்டாளா? அண்ணி எழுதின வரியாவது அவளுக்குப் போய்ச் சேர்ந்ததா?

இந்த வாரம் கோயிலில் வாசிக்கப்போகும் முப்பது வெள்ளிக்காசுக் கதை உங்களுக்கும் தெரியும். அதை நான் எடுத்துச் சொல்லப் போவதில்லை.

மேரியிடம் இன்னும் சொல்லவில்லை. பதில் எழுதுங்கள்.

ஸ்டானிஸ்லாஸ்


சேசு மரி சூசை

விசாகப்பட்டினம்
11-6-67

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும் வியாகுலம் எழுதறது. எனக்கு எழுத்து சரியா வராது, சிரிக்காம படிக்கணும்.

அண்ணா, நாங்க ராயபுரம் வர்றோம்! ஆர்டர் வந்துட்ச்சி. ஜூலை ஒண்ணாந்தேதி அவரு வால்டர் ஐயா எடத்துல குந்தணுமாம். எனக்கு கைகாலு ஓடல. அவரு இன்னான்னா மூஞ்ச தொங்க போட்டுக்கினு கீறாரு. ரெண்டு மாசமாவே இப்டித்தான், சாப்பாடு எறங்கல, கேட்டா எரிஞ்சி வுழறாரு.

ஏன்யா வேல ஒசந்துதே, சந்தோசப்படக் கூடாதான்னு நேத்து புடிச்சி ஒலுக்கிட்டேன். அப்பறந்தான் சொன்னாரு, அது ஒங்க அண்ணனுக்கு வரவேண்டிய எடம், நீ இங்க அழுதுக்கினு கீறேன்னு தெரிஞ்சி அவுரே பரீச்சைக்கு போவாம வுட்டுக் குடுத்துட்டாருன்னு.

அண்ணா, நான் அழுது தீத்துட்டேன். எனக்காவ படிப்ப வுட்டியா? அம்மா செத்தப்ப கூட நீ என்னை இப்டி தாங்கினது இல்ல. ஒரு வார்த்த எனக்கு எழுதலியே. பூஜைக்கு அப்பறம் நீ கடிதாசியே போடலன்னு கோவமா இருந்தேன், அந்த கோவத்துக்கு மன்னிச்சிக்கோ. ஒவ்வொரு கடிதாசியும் அவரு படிக்கறப்ப எவ்ளோ சிரிப்போம் தெரியுமா?

கோயில் மணி கேக்கற மாதிரி ஒரு வூடு பாத்து வைய்யி. முப்பதாந்தேதி காலீல சென்ட்ரலுக்கு வர்றோம். நீயும் அண்ணியும் ஸ்டேஷனுக்கு வரணும். நீ வந்தாத்தான் நான் ரயில வுட்டு எறங்குவேன்.

ஒன் பாசமுள்ள தங்கச்சி,
வியாகுலம்மாள்


ராயபுரம்
20-6-67

அன்புள்ள தங்கச்சி வியாகுலத்துக்கு,

அண்ணன் ஆசீர்வாதம். உன் கடிதம் வந்து ஆறு நாளாகிறது. மூன்று தடவை பதில் எழுதிக் கிழித்தேன், இது நான்காவது. எழுத்துப் பிழை நிறைய வந்தது என்று வைத்துக்கொள்.

நாற்காலியைப் பற்றி எழுதியிருந்தாய். ஆமாம். மாப்பிள்ளை சொன்னது சரிதான். அதை இனிமேல் நீயும் பேசாதே, நானும் பேசமாட்டேன். அதுவும் வால்டர் முப்பது வருஷம் உட்கார்ந்து பள்ளமாக்கிய நாற்காலி. மாப்பிள்ளை உள்ளே போனால் எழுந்து வருவாரோ என்னவோ.

வீடு பார்த்துவிட்டேன். மணி கேட்கும். பாதிரியார் இருமினாலும் கேட்கும். பக்கத்து வீட்டு மங்கம்மா எதற்கெடுத்தாலும் சண்டைக்கு வருவாள், தமிழில்தான் திட்டுவாள், உனக்குப் பொழுது நன்றாகப் போகும்.

சென்ட்ரலுக்கு நான் வருகிறேன். உன் அண்ணிக்கு அன்றைக்குக் காலையில் தலைவலி வரும் என்று இப்போதே சொல்லிவிட்டாள். நீ ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே. ஒரு வாரம் கழித்து அவளே உன்னைப் பார்க்க வருவாள், மாப்பிள்ளை ஆபீஸ் போயிருக்கிற நேரமாகப் பார்த்து.

நல்லபடியாக வந்து சேர்.

அண்ணன்,
ஸ்டானிஸ்லாஸ்


மதராஸ்
3-7-67

அனுப்புநர்: அ. ஸ்டானிஸ்லாஸ், கிளார்க்
பெறுநர்: உயர்திரு சூ. இன்னாசி, ஹெட் கிளார்க் அவர்கள்

ஐயா,

பொருள்: மாலைக் கல்லூரி செல்ல அனுமதி வேண்டுதல்.

நான் இவ்வாண்டு மீண்டும் பி.யூ.சி. வகுப்பில் சேர்ந்துள்ளேன். வகுப்புகள் மாலை 5.45 மணிக்குத் தொடங்குவதால், செவ்வாய் முதல் வெள்ளி வரை நான்கு நாட்களும் மாலை 5 மணிக்கு அலுவலகத்தை விட்டுச் செல்ல அனுமதி அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வாண்டு திங்கட்கிழமை முதல் மணிக்கு வகுப்பு இல்லை. அன்று ஆறு மணி வரை என் மேஜையில் இருப்பேன்.

கல்லூரி அட்டவணை இணைக்கப்பட்டுள்ளது. தங்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று, இம்மனுவின் நகலையும் அட்டவணையின் நகலையும் மானேஜர் அவர்களுக்கு நானே நேரில் கொடுத்துவிட்டேன்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
அ. ஸ்டானிஸ்லாஸ்